பென்டிரைவ் மாத்தினா 'தொம்' மாறுமா?

அல்சூர்க்காரன்
வலந்தலை சார் இந்த ஆடியோ ஃபோரம்ல எழுதினதைப் படிச்சிட்டு ராத்திரி பூரா எரிச்சல். போன ஞாயிறு மல்லேஸ்வரத்துல அவர் வீட்டுல நாலு பேர் உக்காந்து கேட்டோம். ஒரே கச்சேரி, ஒரே 24/192 (24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்) ஃப்ளாக் கோப்பு, அதாவது தரம் குறையாம அமுக்கின ஆடியோ, ஒரே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). முதல்ல பிளாஸ்டிக் பென்டிரைவ், அப்புறம் மெட்டல் பாடி பென்டிரைவ். மிருதங்கத்தோட இடது பக்கம் விழற கனமான அடி, 'தொம்', அதைப் பத்தித்தான் பேச்சு. "மெட்டல்ல தொம் அடிவயித்துல இறங்குது, பிளாஸ்டிக்ல அட்டைப்பெட்டியத் தட்டின மாதிரி இருக்கு"ன்னு எழுதியிருக்கார். கீழ ஆறு பேர் "ஆமா சார்". ஒருத்தர் மெட்டல் ஸ்டிக் ஆர்டரே போட்டுட்டாராம்.

ரெண்டு ஸ்டிக்கையும் அன்னிக்கே கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஃப்ளாக் கோப்போட தலைப்பகுதியிலேயே உள்ள இருக்கற ஆடியோவுக்கான எம்டி5 கையெழுத்து இருக்கும், ஆடியோ ஒரு பிட் மாறினாலும் அது மாறிடும். ரெண்டையும் பிரிச்சுச் சரிபார்த்தேன். ஒரு பிட் கூட மாறல. 24/192 ஸ்டீரியோவ அமுக்காம விட்டாக்கூட வினாடிக்கு 1.15 எம்பி தான். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கற மலிவு ஸ்டிக் கூட அதை விடப் பல மடங்கு வேகமா படிக்கும். ஆம்ப் அதை வாங்கித் தன் மெமரியில வெச்சுக்கிட்டு, தன்னோட கிளாக்ல டாக்குக்கு (டிஜிட்டலை ஒலி சிக்னலா மாத்தற சிப்) அனுப்புது. ஸ்டிக் போட்டிருக்கற சட்டை தகரமா பிளாஸ்டிக்கான்னு டாக்குக்கு எப்படித் தெரியும்?

வலந்தலை
தம்பி, என் வீட்டுக் காபியக் குடிச்சிட்டு என் ஸ்டிக்கையே வாங்கிட்டுப் போய் இங்க வந்து எழுதறீங்க. சந்தோஷம்.

32 வருஷமா மிருதங்கம் வாசிக்கறேன். தொப்பியில, அதாவது இடது பக்கத் தலையில, ரவை பூசி, தண்ணி தொட்டு, ஒரு சிட்டிகை கூடினா தொம் மந்தமாகும், குறைஞ்சா வறட்டுன்னு இருக்கும். கச்சேரிக்கு நடுவுல ஏசி காத்துல அது காயறது என் உள்ளங்கைக்குத் தெரியும். அந்தக் கையோட சேர்ந்து பழகின காது இது. மெட்டல்ல தொம் இறங்குது. பிளாஸ்டிக்ல இறங்கல. எம்டி5ஐ நீங்க ஸ்கிரீன்ல பாத்தீங்க, நான் காதுல கேட்டேன்.

பழைய டேப்
ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன். அந்தக் கோப்பே 192 இல்ல. நானும் அதே தளத்துல, அதே கச்சேரிய காசு குடுத்துத்தான் வாங்கினேன். எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு ஒலி இருக்குன்னு காட்டற ஸ்பெக்ட்ரம் படம் போட்டுப் பாருங்க. 22 கிலோஹெர்ட்ஸ்ல கத்தி வெச்சு வெட்டின மாதிரி நிக்குது, அதுக்கு மேல வெறும் கறுப்பு. 44.1 கிலோஹெர்ட்ஸ்ல இருந்ததை இழுத்து 192ன்னு பேர் வெச்சிருக்கான். 44.1ல பாதி, சிடிக்கு இருக்கற அதே 22.05 எல்லை. எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தினாலும் கண்ணாடி டம்ளர்ல ஊத்தினாலும் தண்ணி கலந்த பால் தண்ணி கலந்த பால் தான்.

வலந்தலை
பழைய டேப் பேச வந்துட்டாரா. ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு டர்ன்டேபிள் வித்தப்ப ஊசி "நூறு மணி நேரம் கூட ஓடல"ன்னு சொன்னவர். வாங்கிட்டு வந்து பூதக்கண்ணாடியில பாத்தா முனை ஒரு பக்கம் தேஞ்சு உளி மாதிரி இருந்தது. என் அப்பா வெச்சிருந்த ரெண்டு எல்.பி.ய அது கீறிடுச்சு. ஸ்பெக்ட்ரம் பாக்கற கண்ணால அன்னிக்கு ஊசியப் பாத்திருக்கலாம்.

பழைய டேப்
ஊசி விஷயம் அப்பவே முடிஞ்சுது. பாதி காசு திருப்பிக் குடுத்தேன். இங்க கேள்வி 22 கிலோஹெர்ட்ஸ்.

வலந்தலை
மூணுல ஒரு பங்கு. பாதி இல்ல.

எலெக்ட்ரான்
ஒரு சிறு விளக்கம். அல்சூர்க்காரன் சொல்வது தரவைப் பொறுத்தவரை சரி. ஆனால் பென்டிரைவ் ஆம்பின் 5 வோல்ட் லைனிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும். படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு ஏறி இறங்கும். ஆம்பின் உள்ளே கிரவுண்ட் சரியாகப் பிரிக்கப்படவில்லை என்றால் அந்த இரைச்சல் டாக்கின் அனலாக் பக்கம் கசிய வாய்ப்பு உண்டு. இரண்டு ஸ்டிக்கிலும் கன்ட்ரோலர் சிப் வேறாக இருந்தால் கசிவும் வேறாக இருக்கலாம். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலில் ஹை-ரெஸ் (சிடியை விட நுணுக்கமான ஒலி) என்று எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்வோமா? 24 பிட் இருந்தால் போதுமா, 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டுமா, அல்லது ஒலிப்பதிவே அப்படி நடந்திருக்க வேண்டுமா?

வலந்தலை
பாத்தீங்களா! எலெக்ட்ரான் சாரே சொல்லிட்டார். 5 வோல்ட் லைன். கிரவுண்ட். மெட்டல் பாடி ஷீல்டு மாதிரி வேலை செய்யுது. நான் காதுல கேட்டதை அவர் சர்க்யூட்ல சொல்றார்.

எலெக்ட்ரான்
ஐயா, மெட்டல் பாடி ஷீல்டு என்று நான் சொல்லவில்லை. கசிவு இருந்தால்கூட மெல்லிய இரைச்சலாக வரும். 'தொம்' மட்டும் ஆழமாக இறங்குவதற்கு அதில் வழி இல்லை.

வலந்தலை
"வாய்ப்பு உண்டு"ன்னு எழுதினது நீங்கதானே. மேல இருக்கு.

புதுசு_ஒயிட்ஃபீல்டு
எல்லாருக்கும் வணக்கம். என் ஆம்ப்ல 128 ஜிபி பென்டிரைவ் சொருகினா 'நோ டிவைஸ்'னு வருது. 16 ஜிபி பழைய ஸ்டிக் ஓடுது. யாராவது சொல்லுங்களேன்.

அல்சூர்க்காரன்
5 வோல்ட் கதைய விடுங்க. அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். பிளாஸ்டிக் ஸ்டிக் ஓடினப்ப சீலிங் ஃபேன் மூணுல சுத்திட்டு இருந்தது. தனி ஆவர்த்தனத்துக்கு நடுவுல கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர்ல ஆம்ப் மட்டும்தான் கனெக்‌ஷன், ஃபேன் நின்னுது. அப்புறம்தான் மெட்டல் ஸ்டிக்கச் சொருகினீங்க. ஃபேன் இல்லாத ரூம்ல தொம் நல்லாத்தான் கேக்கும் சார். அதுல மெட்டலுக்கு என்ன பங்கு?

வலந்தலை
ஃபேன் ஓடிச்சு.

அல்சூர்க்காரன்
ஓடல. பேப்பர எடுத்து விசிறிட்டு இருந்தேனே, ஞாபகம் இல்லையா?

வலந்தலை
நீங்க எப்பவுமே விசிறுவீங்க. என் வீட்டுல ஹால் ஃபேனும் இன்வெர்ட்டர்லதான் இருக்கு. வயரிங் போட்டவன் நான். ஃபேன் ஓடிச்சு. தொம் இறங்கிச்சு.

ஜெயநகர் அக்கா
அன்னிக்கு நானும் இருந்தேன். ஃபேன் நின்னுது, எனக்கு வேர்த்தது. ஆனா அதை விட ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது ஸ்டிக்குக்கு அண்ணா வால்யூம் நாபையும் தொட்டார். நான் பாத்தேன். முதல்ல 38, அப்புறம் 40. ஒரு டெசிபல் ஏத்தினாலே எல்லாருக்கும் 'நல்லா இருக்கு'ன்னுதான் தோணும். கடையில சவுண்டு சிஸ்டம் விக்கறவங்க தினமும் செய்யற வேலை அது.

இன்னொண்ணு, அண்ணா கோச்சுக்கக் கூடாது. தொம் வர்றது இடது பக்கத் தொப்பியில. உங்க பேரோ வலந்தலை, வலது பக்கம். பேர மாத்திட்டு வந்து தொம் பத்திப் பேசுங்க.

வலந்தலை
அம்மா, வலந்தலையில கரணை, அந்தக் கறுப்பு வட்டம், இருக்கு. கரணை இல்லாம சாபுங்கற அடி இல்ல, மீட்டுங்கற அடி இல்ல. ரெண்டு தலையும் சேர்ந்தாத்தான் மிருதங்கம். தொப்பியோட சுருதி வலந்தலைக்குக் கீழ் ஸ்தாயில சேரணும். அந்தச் சேர்க்கை சரியா இருந்தாத்தான் தொம் மூச்சு விடும். இதை எனக்கே சொல்லித் தர்றீங்க. 38ன்னும் 40ன்னும் டிஸ்பிளேல பாத்தீங்க சரி. நான் தொட்டது பேஸ் நாப்.

அல்சூர்க்காரன்
பேஸ் நாபா?! இதை எழுதிட்டீங்க, அழிக்காதீங்க. பேஸக் கூட்டிட்டுத் தொம் இறங்குதுன்னு சொல்றீங்க!

வலந்தலை
குறைச்சேன். மெட்டல்ல அவ்வளவு இறங்கிச்சு, குறைக்க வேண்டி இருந்தது.

பழைய டேப்
ஒரு கோப்பு. 22 கிலோஹெர்ட்ஸ். அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. யாராவது பதில் சொல்வீங்களா?

எலெக்ட்ரான்
மிருதங்கத்தின் 'தொம்' சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஒலி. 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதும் இல்லாததும் அதைத் தொடாது. 16 பிட்டின் 96 டெசிபலே ஒரு வீட்டு ஹாலுக்கு ஏராளம்.

ஹை-ரெஸ் வித்தியாசம் பற்றி ஆய்வுகள் உண்டு. 2007இல் மேயரும் மோரனும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் எழுதினார்கள். எஸ்.ஏ.சி.டி. (ஹை-ரெஸ் வட்டு) ஒலியை நேராகவும், நடுவில் சிடி தரமான 16/44.1 ஆக்கியும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 முறைதான் சரி. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அதுதான் வரும். 2016இல் ரைஸ் 18 சோதனைகளைத் தொகுத்தபோது 52.3 விழுக்காடு சரியாக வந்தது. சிறிது, ஆனால் பூஜ்யம் இல்லை. பயிற்சி பெற்ற காதுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

வலந்தலை
பயிற்சி பெற்ற காது! 32 வருஷம்!

அல்சூர்க்காரன்
சார், அந்த ஆய்வு ஹை-ரெஸ் பத்தி. ஸ்டிக் சட்டை பத்தி இல்ல. உங்க ரெண்டு ஸ்டிக்லயும் இருந்தது ஒரே கோப்பு.

வலந்தலை
ஒரே கோப்புதான். கேட்டது வேற. இத்தனை பேர் எழுதினதுல மெட்டல்ல தொம் இறங்கலன்னு நிரூபிச்சவர் யார்? ஒருத்தரும் இல்ல. எம்டி5ன்னார் ஒருத்தர், ஃபேன்னார், வால்யூம்ன்னாங்க, ஒருத்தர் பழைய ஊசி விவகாரத்துல தப்பிக்க 22ன்னார்.

சௌடையா ஹால்ல முன் வரிசையிலயும் உக்காந்து கேட்டிருக்கேன், பால்கனியிலயும் கேட்டிருக்கேன். மைக் வெச்ச தொம் வேற, மைக் இல்லாம சின்ன ஹால்ல கேக்கற தொம் வேற. ராமநவமிக்குப் பந்தல் கச்சேரியில காத்துல வர்ற தொம் வேற. இந்த மூணையும் கண்ண மூடிட்டுச் சொல்வேன். அந்த நிஜத் தொம்முக்குக் கிட்ட எது வருதுங்கறதைத்தான் எழுதினேன். நான் ஸ்டிக் விக்கறவன் இல்ல. யாரையும் வாங்கச் சொல்லல. இந்த ஊர்ல டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் நின்னு வீட்டுக்கு வந்தா, எனக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒரு மணி நேரத் தொம்தான். அதைப் போய் அட்டைப்பெட்டியாக் கேக்கச் சொல்றீங்க.

ஜெயநகர் அக்கா
புதுசு தம்பியோட கேள்வி அப்படியே நிக்குது. தம்பி, 128 ஜிபி ஸ்டிக் எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மட்ல வந்திருக்கும். நிறைய ஆம்ப் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மட் மட்டும்தான் படிக்கும். நிறைய விண்டோஸ் பதிப்புல சாதா ஃபார்மட் மெனுவுல 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 காட்டாது, தனி டூல் வேணும். 32 ஜிபி ஸ்டிக் ஒண்ணு வாங்கிக்கறதே சுலபம். ஃபேட்32ல ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல போகாது. முழுக் கச்சேரியையும் அமுக்காத 24/192 வேவ்ல ஒரே கோப்பா வெச்சீங்கன்னா ஒரு மணி நேரத்துல முட்டும். ஃப்ளாக்ல அமுங்கிடும்.

எனக்குன்னு இருக்கற குறை இதெல்லாம் இல்ல. பென்டிரைவ்ல ஓடறப்ப ஒரு டிராக் முடிஞ்சு அடுத்தது வர நடுவுல வெட்டு விழுது. ராகம் முடிஞ்சு தானம் ஆரம்பிக்கற இடம், தம்புரா தொடர்ந்து போயிட்டே இருக்கு. திடீர்னு அரை வினாடி செத்த அமைதி, மறுபடி தம்புரா. அந்த அரை வினாடியில கச்சேரியே அறுந்து போகுது. இதை எந்த ஆம்ப் சரியா பண்ணுதுன்னு யாராவது பேசினா உபயோகமா இருக்கும்.

புதுசு_ஒயிட்ஃபீல்டு
ரொம்ப நன்றி அக்கா. 32 ஜிபில ஓடுது. ஆனா வர்ணம் கடைசில வருது, மங்களம் முதல்ல வருது.

அல்சூர்க்காரன்
காப்பி பண்ண வரிசையில ஓட்டற ஆம்ப்பா இருக்கும். ஸ்டிக்கைக் காலி பண்ணிட்டு ஒவ்வொண்ணா வரிசையாப் போடுங்க.

வலந்தலை சார், உணர்ச்சியாப் பேசினா பிட் மாறாது. நேரா வர்றேன். ரெண்டு ஸ்டிக்கும் கொண்டு வர்றேன். ஆம்ப் மேல துணி போட்டு மூடிடுவோம். வால்யூமும் பேஸும் டேப் போட்டு ஒட்டிடுவோம். அக்கா காசு சுண்டிப் பாத்து 10 தடவை மாத்தி மாத்திச் சொருகட்டும். எது மெட்டல்னு எழுதிக் குடுங்க. 9 சரியா வந்தா ஒத்துக்கறேன். குருட்டாம்போக்குல 9ஓ 10ஓ வர வாய்ப்பு 1024ல 11 தான்.

வலந்தலை
சபையில அரங்கேறினவன் கண்ணக் கட்டிக்கிட்டுப் பரீட்சை எழுதணுமா? ரசிக்கறதுக்குக் கேக்கறது வேற, மார்க்குக்காகக் கேக்கறது வேற. பதட்டத்துல எந்தக் காதும் மூடிக்கும்.

பழைய டேப்
அப்ப தெரியாதுன்னு ஒத்துக்கறார்.

வலந்தலை
ஊசி வித்தவர் பேசாதீங்க. பரீட்சைக்கு நான் தயார். ஞாயிறு 10 மணி. என் வீடு, என் ஆம்ப், ஃபேன் ஓடும், ஸ்டிக்க நான்தான் சொருகுவேன்.

அல்சூர்க்காரன்
நீங்க சொருகினா அது என்ன சோதனை? கையிலயே தெரியுமே.

வலந்தலை
என் ஆம்ப்ல வேற யாரும் கை வெக்கக் கூடாது. போன தடவை நீங்க ஸ்டிக்கப் பிடுங்கினப்ப போர்ட்டே ஆடுது.

அல்சூர்க்காரன்
போர்ட் முன்னாடியே ஆடிச்சு. அக்காவக் கேளுங்க.

ஜெயநகர் அக்கா
நான் ஞாயிறு வரல. மாமியார் ஊர்லேருந்து வர்றாங்க.

வலந்தலை
அப்ப அடுத்த ஞாயிறு. ஃபேன் ஓடும்.

அல்சூர்க்காரன்
அன்னிக்கு ஓடல.