கார் ஜன்னல் ஓரப் பட்டை வெளுத்து, வெடித்துப் போனவர்கள் என்ன செய்தீர்கள்?

என் காருக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. பெயின்ட் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. கதவுக் கண்ணாடியின் அடியோரமாக ஓடும் கறுப்பு பீடிங் மட்டும் சாம்பல் பூத்து, வெடித்துக் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வைத்தியம்: "கறுப்பு பாலிஷ் போடுங்க, சரியாயிடும்."

வெடிப்பை நகத்தால் விரித்துப் பார்த்தேன். ரப்பருக்குள் மெல்லிய தகடு, அதில் துரு. தகடு துருப்பிடித்து உப்பினால், மேலே எதைப் பூசினாலும் வெடிப்பு அகலத்தான் செய்யும். கண்ணாடியை உரசும் பீடிங் விளிம்பில் இருக்க வேண்டிய வெல்வெட் மாதிரியான மயிரும் தேய்ந்துபோயிருந்தது. அது போய்விட்டால் தூசி சிக்கி, கண்ணாடியில் கோடு விழும். ஆக, பூச்சு வேலைக்கு இடமே இல்லை, மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பயந்த அளவுக்கு வேலை இல்லை. கண்ணாடியை முழுக்க இறக்கி, பெயின்ட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன். கதவைத் திறந்தால், பீடிங் முடியும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தது. (எல்லா வண்டியிலும் இப்படி இல்லை. சிலவற்றில் சைடு மிரரைக் கழற்றினால்தான் பீடிங் வெளியே வரும்.) அப்புறம் பிளாஸ்டிக் நெம்பியை அடியில் கொடுத்து, ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட்டில் தழும்பு நிச்சயம். பட்டை கழன்றதும் கதவு விளிம்பில் ஈர மண்ணும் இலைத் தூளும் அப்பிக் கிடந்தன. துடைத்துவிட்டு, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் ஒரு குச்சியால் குத்திவிட்டேன். பீடிங் புதிதாக இருந்தாலும் கதவுக்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். அது வெளியேற அந்தத் துளைகள்தான் வழி. புதிய பட்டையை உள்ளங்கையால் தட்டி இறக்கினேன். முழு நீளத்துக்கும் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே ஸ்க்ரூவை முறுக்கினேன்.

வெடிக்காமல் வெளுத்து மட்டும் போனவர்கள் என்ன செய்தீர்கள்?

---

எனக்கு வெளுப்பு மட்டும்தான், அதுவும் ஜன்னலைச் சுற்றியுள்ள சொரசொரப்பான பிளாஸ்டிக்கில். ஒரு சோதனை சொல்கிறேன். பட்டையில் தண்ணீரைத் தெளியுங்கள். நனைந்ததும் பழைய கறுப்பு எட்டிப் பார்த்தால் நிறம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெயிலில் மேல்பரப்பு மட்டும் பொரிந்திருக்கிறது என்று அர்த்தம். நனைந்த பிறகும் வெள்ளையாகவே தெரிந்தால், பல நேரம் அது வெளுப்பே இல்லை. காருக்கு வேக்ஸ் போட்டபோது பட்டையின் நுண்குழிகளில் புகுந்து காய்ந்த மிச்சம் அது. மென்மையான பிரஷ்ஷும் பிளாஸ்டிக் கிளீனரும் போதும்.

எனக்கு நனைந்ததும் கறுத்தது. நன்றாகக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இந்த மாதிரி வெளிப்புறப் பிளாஸ்டிக் பட்டைக்கென்றே (டிரிம்) வரும் செராமிக் கோட்டிங் போட்டேன். சிலிகான் எண்ணெய் வகைத் திரவங்கள் அன்றைக்கு மினுக்கும், அடுத்த மழையில் கதவில் கோடாக வழியும். அவற்றின் மேல் எனக்கு மரியாதை இல்லை.

---

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பற்றி யாரும் சொல்லவில்லையே? வெளுத்த பிளாஸ்டிக்கில் சூட்டைக் காட்டினால் கண்ணெதிரே கறுக்கும், உண்மைதான். வீடியோவில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் புதிதாக எதுவும் சேரவில்லை, மேல்தோல் இளகிச் சமமாகிறது, அவ்வளவுதான். வெயில் பட்டால் மறுபடி வெளுக்கும். பம்பரில் செய்து பார்க்கலாம். ஜன்னல் ஓரத்தில் வேண்டாம்: ஒரு பக்கம் கண்ணாடி, இன்னொரு பக்கம் பெயின்ட், நடுவில் ரப்பர். ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் கண்ணாடி உடையக்கூடும்.

நான் ஸ்ப்ரே பெயின்ட்தான் அடித்தேன். 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் கொடுத்து, பளபளப்பு குறைந்த சாட்டின் கறுப்பை மெல்லிய பூச்சுகளாக அடித்தேன். பாலிபுரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக்கில் பிரைமர் இல்லாமல் பெயின்ட் நிற்காது, உரிந்து வரும். முன்பு சிலிகான் பாலிஷ் போட்ட பட்டை என்றால் அதை முழுக்க எடுக்காமல் தொடவே தொடாதீர்கள், பெயின்ட் குழி குழியாக விலகும். கடினப் பிளாஸ்டிக்கில் சின்ன வெடிப்பு என்றால், வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் ஃபில்லரை நிரப்பித் தேய்த்த பிறகு இதே வேலைதான். சூப்பர் க்ளூ ஒட்டும், ஆனால் கதவை அறையும்போது அதே இடத்தில் மறுபடி விட்டுப்போகும்.

---

நீங்கள் எல்லோரும் கறுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வெள்ளிப் பட்டை, அதில் பால் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். குரோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது அனோடைஸ் செய்த அலுமினியம், அதாவது மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்சைடு படலம் உண்டாக்கியது. காரம் அதிகமான வாஷிங் கெமிக்கல் அந்தப் படலத்தைத் தின்றுவிடும். மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் திட்டு போகும், கூடவே மிச்சமிருக்கும் படலமும் போகும். அதன் பிறகு மேலே பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் சீக்கிரமே மங்கும். நான் அந்த வம்பே வேண்டாம் என்று கறுப்பு வினைல் ஃபிலிம் ஒட்டிவிட்டேன். பட்டையின் மேலேயே பிளேடு வைத்து வெட்டாமல், ஓரங்களை ரப்பருக்கு அடியில் மடித்துச் செருகினால் உரியாது.

---

சிலர் ரப்பர் கறுப்பாக இருக்கட்டும் என்று டீசலைத் தொட்டுத் துடைக்கிறார்கள். செய்யாதீர்கள். கார் ஜன்னல், கதவு ரப்பர் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பித் தளர்ந்துவிடும். சிலிகான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேராக அடித்து அது முன் கண்ணாடியில் பட்டால் வைப்பர் போகும் இடமெல்லாம் கலங்கலாகும்.

அப்புறம், பீடிங் மாற்றப் போகிறவர்கள் கிளிப்பையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பழையது கழற்றும்போதே உடையும், பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிளிப் தேடி அலைய வேண்டியிருக்கும்.