"எலி ஆண்டு" என்று மட்டும் உள்ள துன்ஹுவாங் பத்திரத்துக்குக் காலம் குறிப்பது எப்படி?

சுவடிமாணவி:
முனைவர் பட்ட ஆய்வில் ஒரு சிக்கல். வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் ஊரருகே 17ஆம் குகையில் கிடைத்த திபெத்திய மொழித் தானியக் கடன் பத்திரம். தேதி "எலி ஆண்டு, வசந்தம்" என்பதோடு சரி; பன்னிரண்டு விலங்குப் பெயர்கள் சுழல்வதால் எலி ஆண்டு 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும். மன்னர் பெயர் இல்லை. மறுபக்கம் சீன மொழியில் பௌத்த சூத்திரம். அங்கே திபெத்தியர் ஆட்சி 848இல் முடிந்தது, அதற்கு முந்தைய கடைசி எலி ஆண்டு 844; ஆகவே "844 அல்லது அதற்கு முன்" என்று எழுதிவிடலாமா?

பழுப்புத்தாள்:
எழுதாதீர்கள், புறத்தேர்வாளர் முதலில் பிடிப்பது அதைத்தான். ஊர் திபெத்தியர் கைக்குப் போனது 786 அல்லது 787. அங்கிருந்து 848 வரை எலி ஆண்டுகள் 796, 808, 820, 832, 844. ஆனால் ஆட்சி போனதும் மொழி போகவில்லை. 10ஆம் நூற்றாண்டிலும் அங்கே திபெத்திய மொழியில் கடிதம் எழுதினார்கள். ஆகவே 856, 868 என்று பட்டியல் நீளும்.

பட்டியலைக் குறைக்க ஆட்பெயர்தான் வழி. கடன் கொடுத்தவர், வாங்கியவர், முத்திரை வைத்த சாட்சிகள் எல்லாரையும் தனியே எழுதி, அதே பெயர்கள் காலம் தெரிந்த வேறு ஏட்டில் வருகிறதா பாருங்கள். இன்றைய சீன உச்சரிப்பை வைத்துத் தேடினால் ஒன்றும் சிக்காது. இன்று "யின்" எனப்படும் குடும்பப் பெயர் அன்றைய திபெத்திய எழுத்தில் "இம்". அந்தக் கால ஒலியில் ஈற்றில் மகரம் இருந்தது. ஒரே ஒரு பெயர் பொருந்தினால் துள்ளாதீர்கள், பிக்குப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இரண்டு மூன்று பேர் ஒரே ஏட்டில் சேர்ந்து வந்தால்தான் கணக்கில் எடுக்கலாம்.

சீன ஏடுகளும் உடனே கைகொடுக்காது. திபெத்தியர் காலத்தில் அங்குள்ள சீனர்களும் சீனாவை ஆண்ட தாங் அரசின் ஆண்டுப்பெயரை விட்டுவிட்டு எலி, எருது என்று பன்னிரண்டில் ஒன்றை மட்டும் குறித்தார்கள்.

இழைக்கணக்கு:
தாளையும் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் தாள் வார்த்த மூங்கில் சல்லடையின் கோடுகள் தெரியும், 3 செ.மீ.க்கு எத்தனை என்று எண்ணிக் குறிப்பது வழக்கம். பெரும்பாலும் சூத்திரம்தான் முதலில் எழுதியது, வெற்றுப் பின்பக்கத்தில் பத்திரம். ஆனாலும் சோதியுங்கள். தாள் ஒட்டின இடத்தில் எந்தப் பக்க எழுத்து ஒட்டைத் தாண்டி ஓடுகிறது, எது பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது? வெட்டுப்பட்டது முந்தையது. இணையப் படத்தில் ஓரம் சரியாகத் தெரியாவிட்டால் மூலத்தை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள்.

தூரிகை கிடைக்காத காலத்தில் சீனர்கள் கட்டைப் பேனாவுக்கு மாறினார்கள். அதை வைத்து "இதற்கு முன் இல்லை" என்று ஓரளவு சொல்லலாம், "இதற்குப் பின் இல்லை" என்று சொல்ல முடியாது, பேனா பிறகும் தொடர்ந்தது. எழுத்துமுறையும் அப்படித்தான். இன்று "மி" என்று எழுதும் எதிர்மறைச் சொல் "ம்யி" என்றிருப்பதும், இகரக்குறி தலைகீழாகத் திரும்பியிருப்பதும் பழமையின் அடையாளம்தான். ஆனால் 10ஆம் நூற்றாண்டு ஏடுகளிலும் அவை உண்டு.

பஞ்சாங்கப்பித்தன்:
கேள்விக்குச் சற்று வெளியே, ஆனால் பிந்தைய திபெத்திய நூல்களைத் தொடும்போது உதவும். 1027இல் தொடங்கும் அவர்களுடைய 60 ஆண்டுச் சுற்றின் பெயர் "ரப்ஜுங்", அதாவது நம் "பிரபவ"வின் நேர் மொழிபெயர்ப்பு. சுற்றும் நம்முடையதோடு ஒத்துப்போகிறது. 1987 நமக்குப் பிரபவ, அவர்களுக்கு 17ஆம் சுற்றின் முதல் ஆண்டான நெருப்பு முயல் (பூதமும் விலங்கும் சேர்ந்த பெயர்). ஐந்தாம் தலாய் லாமா பிறந்த 1617, நெருப்புப் பாம்பு, 10ஆம் சுற்றில் 51ஆவது. நம் பட்டியலில் 51 பிங்கள.

ஆங்கில ஆண்டுக்குக் கணக்கு: 1027 + 60 × (சுற்று − 1) + (வரிசை − 1). திபெத்திய 12ஆம் மாத நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும், 11ஆம் மாதக் கடைசி என்றால் சில சமயம், ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும், அங்கேதான் பிழை வரும்.

சுவடிமாணவி:
நன்றி. சாட்சிகளில் இருவர் "இம்" குடும்பம்தான், "யின்" என்று தேடியதால் தவறிவிட்டது. பெயர் பொருந்தாவிட்டால்?

பழுப்புத்தாள்:
"எலி ஆண்டு, 8ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 9ஆம் நூற்றாண்டாகலாம்" என்று எழுதி, 796 முதல் 868 வரை எந்தெந்த ஆண்டுக்கு என்ன சான்று, என்ன தடை என்று அடிக்குறிப்பில் வையுங்கள்.