வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ்: பேச்சு தாமதமாவது இதனாலா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டைத் தாய்
என் மகனுக்கு இரண்டே கால் வயது. இரு மொழியும் சேர்த்து எட்டுச் சொற்களே பேசுகிறான். இரண்டு மொழி அவனைக் குழப்புகிறது, இனித் தமிழில் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள். என் மாமியாரோ அவனிடம் சௌராஷ்டிரம் தவிர வேறு பேசமாட்டார். தட்டு விழுந்தால் திரும்பிப் பார்க்கிறான். ஆகவே காதில் குறையில்லை என்றே நினைக்கிறோம்.

பதில்: பேச்சுப் பயிற்சியாளர்
இரு மொழி கேட்டு வளர்வதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. ஆனால் இந்த வயதில் இரு மொழியும் சேர்த்து 50 சொற்களாவது எதிர்பார்ப்போம். எட்டு மிகக் குறைவு. தட்டுச் சத்தத்தை நம்ப வேண்டாம். உரத்த ஒலிக்குத் திரும்பும் பிள்ளைக்கும் 'ஸ்', 'ஷ்' போன்ற மெல்லிய, உச்ச அதிர்வெண் ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் கேட்கும் திறன் குறையும். ஆகவே மொழியைக் குறைப்பதற்கு முன் ஓஏஇ (உட்காது ஒலிக்கு எதிர்வினை காட்டுகிறதா என்பது), பெரா (ஒலி காது நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்பது), டிம்பனோமெட்ரி (செவிப்பறை சரியாக அசைகிறதா, நடுக்காதில் நீர் உள்ளதா என்பது) ஆகிய சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள், எதுவும் வலிக்காது.

பதில்: சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு தந்தை
என் மகள் காதொலிக் கருவி அணிகிறாள். யாரோ சொன்னார்கள் என்று ஆறு மாதம் வீட்டில் தெலுங்கை நிறுத்தினோம். தமிழில் தடுமாறிய என் அம்மா அவளிடம் கதை சொல்வதையே விட்டுவிட்டார். மொழி குறைந்தது, பேச்சு கூடவில்லை. எங்களுக்கு உண்மையான இடைஞ்சல் விசைத்தறிதான். கருவி பேச்சோடு தறி இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. இப்போது தறி நின்ற பிறகு அருகில் அமர்ந்து பேசுகிறோம். தினமும் காலையில் வாயை மறைத்து 'ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்' என்ற ஆறு ஒலிகளையும் இயல்பான குரலில் சொல்லி, அவளுக்குக் கேட்கிறதா என்று பார்க்கிறோம். 'ஸ்' மட்டும் தவறினால் முதலில் பேட்டரியைப் பார்ப்பேன், அடுத்து காது அச்சு (கருவியைக் காதுத் துளையில் பொருத்தும் பகுதி).

பதில்: ஏற்காட்டிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அரசு மருத்துவமனைக்குப் போன அனுபவத்தில் சொல்கிறேன்: தள்ளிப்போடாதீர்கள். ஒருவேளை காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) தேவைப்பட்டால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே வழி உண்டு.

கேள்வி கேட்ட தாய்
நேற்று மாலை தறியை நிறுத்திவிட்டு, அவன் முதுகுப்பக்கம் நின்று அந்த ஒலிகளைச் சொல்லிப் பார்த்தேன். 'ஆ', 'ஊ' இரண்டுக்கும் திரும்பினான். 'ஷ்', 'ஸ்' இரண்டுக்கும் பொம்மை லாரியிலிருந்து தலையே நிமிரவில்லை.

பதில்: பேச்சுப் பயிற்சியாளர்
அம்மா, விளையாட்டு மும்முரத்திலும் திரும்பாமல் இருந்திருக்கலாம். வீட்டுச் சோதனை முடிவாகாது. ஆனாலும் இந்த வாரமே பெரா செய்துவிடுங்கள். பாட்டி சௌராஷ்டிரத்திலேயே பேசட்டும்.