ஜாக்கி ஸ்டாண்டுக்குத் தமிழ்ச் சொல்: 'சுமைதாங்கி' என்று வைக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே கார் வேலை பார்ப்பவர்களுக்கான கருவிக் கையேட்டில் பெரும்பாலான சொற்கள் ஒருவழியாக முடிந்துவிட்டன. இன்னும் இழுபறியில் இருப்பது ஜாக்கி ஸ்டாண்டு, அதாவது ஜாக்கியால் தூக்கிய காரை அடியில் தாங்கி நிற்கும் இரும்புக் கால். முட்டுக்கால், உதைகால், வண்டித்தாங்கி, பாரந்தாங்கி என்று நான்கு பரிந்துரைகள் இந்த இழையில் வந்துள்ளன. நான் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: சுமைதாங்கி. காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பட்டியலில் இருக்கும் மற்ற சொற்களில் தவறினால் ஒரு நட்டின் முனை மழுங்கும். இந்த ஒன்றில் ஆள் போய்விடுவார்.

> ஸ்டாண்டு என்றே எழுதினால் என்ன? ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் அது போதும். அங்கே பொருள் கண்முன்னே கிடக்கிறது. 'ஸ்டாண்டை எடு' என்றால் பையன் எடுத்து வருவான். நம் கையேட்டைப் படிக்கப் போகிறவர் அந்தப் பொருளைப் பார்த்தே இராதவர். தமிழ் காதுக்கு பஸ் ஸ்டாண்டு என்றால் பஸ் நிற்கும் இடம். ஆட்டோ ஸ்டாண்டு, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாமே அப்படித்தான். அதே வழியில் ஜாக்கி ஸ்டாண்டு என்பது ஜாக்கியை வைக்கிற ஏதோ ஒன்றாகவே அவருக்குப் படும். 'ஜாக்கி காரோடு வந்திருக்கிறது, அதை வைக்க ஒரு ஸ்டாண்டு எதற்கு' என்று அந்த வரியைத் தாண்டி ஸ்பானர் செட்டுக்குப் போய்விடுவார். அவர் தாண்டிப் போனது, அந்தப் பட்டியலிலேயே அவர் உயிரைக் காக்கிற ஒரே பொருள்.

இந்தப் பொருளின் வேலை என்ன என்பதைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். ஜாக்கி தூக்குவதற்காகச் செய்யப்பட்டது. பாட்டில் ஜாக்கியும் சரி, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியும் சரி, உள்ளே இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் தூக்குபவை. அந்த எண்ணெயை உள்ளே பிடித்து வைத்திருப்பது சில ரப்பர் வளையங்களும் ஒரு சிறு வால்வும். வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் கார் மெல்ல இறங்கும். வால்வு சட்டென்று விட்டால் அப்படியே விழும். காரோடு வரும் கத்தரி ஜாக்கியில் எண்ணெய் இல்லை, திருகுதான். ஆனால் அதன் அடி குறுகலானது. கார் கொஞ்சம் நகர்ந்தாலே சாய்ந்துவிடும். டயர் மாற்ற மட்டுமே அது. ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் போகாதீர்கள் என்று காரோடு வரும் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

ஆகவே தூக்குவது ஒரு கருவி, தூக்கியதைத் தாங்கி நிற்பது வேறொரு கருவி. நாம் வைக்கிற சொல் இந்தப் பிரிவைச் சொல்ல வேண்டும். வேறு எதைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஊரில் வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்துவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். தெரு மட்டம் ஏறி, மழைத் தண்ணீர் உள்ளே வரும் வீடுகளுக்குச் செய்வது. சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, பிறகு இடைவெளியில் செங்கல் கட்டு எழுப்பி ஜாக்கிகளை உருவிவிடுவார்கள். வீட்டை ஜாக்கி மேலேயே விட்டுவிட்டு யாரும் குடியேறுவதில்லை. காருக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் மறந்துபோகிறது? ஜாக்கி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலையையும் போட்டு வைத்திருப்பதும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி ஏற்கெனவே வந்த பரிந்துரைகள்.

முட்டுக்கால் என்று சொன்ன அண்ணனின் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. சாயும் சுவருக்கும் குலை தள்ளிய வாழைக்கும் முட்டுக் கொடுக்கிறோம், உயிருள்ள சொல். ஆனால் முட்டுக்கால் என்றதும் முழங்கால்தான் பலருக்கு நினைவில் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்ச் சக்கரத்துக்குக் கீழே போடுவது முட்டுக்கட்டை. ஓடும் தேரை நிறுத்தவும், திருப்பத்தில் திசை மாற்றவும் அதைத்தான் போடுவார்கள். நம் பட்டியலில் காரின் சக்கரம் உருளாமல் இருக்க வைக்கும் ஆப்புக்கு ஒரு சொல் வேண்டியிருக்கிறது. அதற்கு முட்டுக்கட்டையை விடப் பொருத்தமான சொல் கிடைக்காது. முன்பக்கத்தைத் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரங்களுக்கு. (ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கும்போது அதனால் பயனில்லை, முட்டுக்கட்டை கட்டாயம்.) இரண்டும் அருகருகே கிடந்து பயன்படும் பொருள்கள். ஒன்று முட்டுக்கட்டை, இன்னொன்று முட்டுக்கால் என்றால் புதிதாகப் படிப்பவர் குழம்புவார். முட்டு என்ற வேரை ஆப்புக்கே விட்டுவிடுவோம்.

உதைகால் சாய்வாகக் கொடுப்பது. பக்கவாட்டில் சாய்வதைத் தடுப்பது அதன் வேலை. நம் கருவி செங்குத்தாக நின்று மேலிருந்து வரும் எடையை வாங்குகிறது. பாரந்தாங்கியில் பொருள் குற்றம் இல்லை. ஆனால் இலங்கையில் கிரேனுக்குப் பாரந்தூக்கி என்பார்கள், காதில் இரண்டும் ஒன்றாக விழும். வண்டித்தாங்கி மோசமில்லை. எனக்கு இரண்டாவது விருப்பம் அதுதான்.

சரி, சுமைதாங்கி. இது நான் உருவாக்கியது இல்லை. பழைய நடைபாதைகளின் ஓரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை அதன் மேல் சாய்த்து இறக்கலாம். இளைப்பாறிய பின் அப்படியே தலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம். அதனால்தான் அந்தக் கல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதை நடும் வழக்கமும் இருந்தது. தூக்கி வருபவர் ஒருவர், தாங்கி நிற்பது இன்னொன்று என்ற பிரிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நான் தேடியது இதைத்தான்.

வினையும் பொருந்தி வருகிறது. 'சுமையை இறக்கு' என்பது நம் வழக்கு. 'ஜாக்கியால் தூக்கி, சுமைதாங்கியில் இறக்கு' என்று எழுதினால் செய்முறையின் இரண்டு படிகளும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. 'ஸ்டாண்டு போடு' என்பதில் இந்த இறக்கும் படி இல்லை. அடியில் ஸ்டாண்டை வைத்துவிட்டு, எடை முழுவதையும் ஜாக்கி மேலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கார் ஸ்டாண்டில் உட்காரவே இல்லை. ஸ்டாண்டு பெயருக்கு நிற்கிறது. இறக்கினால்தான் அது வேலை செய்கிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இழையில் 'முண்டு கொடுத்தல்' (அடியில் முட்டாக ஒன்றை வைத்துத் தாங்குவது) என்று எழுதியிருந்தார். அங்கே அது அன்றாட வழக்கு; ஆனால் தமிழ்நாட்டில் முண்டு என்றால் வேட்டியையோ மரத்துண்டையோ நினைப்பார்கள். சுமைதாங்கிக்கு அந்தத் தொல்லை இல்லை. யாழ்ப்பாணத்திலும் ஆவுரஞ்சிக்கல் (மாடுகள் உடலை உரசிக்கொள்ளும் கல்), தெருமூடிமடம் (தெருவை மூடிக் கட்டிய வழிப்போக்கர் மடம்), சுமைதாங்கி என்று சேர்த்தே சொல்வார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே பொருளில் வழங்கும் சொல்லை நம் பட்டியலில் அடிக்கடி பார்க்க முடிவதில்லை.

இழையில் ஐயா ஒருவர் எழுப்பிய ஆட்சேபம் கனமானது: பொறியியல் நூல்களில் பேரிங்குக்குத் தாங்கி என்ற சொல் நிலைபெற்றுவிட்டதே என்றார். உண்மைதான். ஆனால் அது தனித் தாங்கி. உருளைத் தாங்கி, குண்டுத் தாங்கி என்று அடைமொழி சேர்த்துத்தான் அதையும் எழுதுகிறோம். இடிதாங்கி என்றதும் யாரும் பேரிங்கை நினைப்பதில்லை. சுமைதாங்கியும் அப்படி முழுச் சொல்லாகவே நிற்கும். கையேட்டில் எங்கும் இதைத் 'தாங்கி' என்று சுருக்கக் கூடாது என்று மட்டும் விதி வைத்துக்கொள்வோம்.

குடும்பச் சுமையைச் சுமக்கும் மனிதரைச் சுமைதாங்கி என்கிறோமே என்ற கேள்விக்கும் இதே பதில்தான். காருக்கு அடியில் வைக்கும் இரும்புக் காலைப் பற்றிப் பேசும்போது அந்தப் பொருள் குறுக்கே வராது.

ஜாக்கியை என்ன செய்வது? விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பளுதூக்கி என்றால் விளையாட்டு வீரர் ஞாபகம் வருகிறது; மின்தூக்கி கட்டடத்தில் இருக்கும் லிஃப்ட். ஜாக்கி ஊர் ஊராகத் தமிழாகிப்போன சொல். வீட்டை உயர்த்துகிறவர்கள் விளம்பரப் பலகையில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள். அதோடு மோதி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கையேட்டுக்கான பதிவை இப்படி எழுதிப் பார்த்திருக்கிறேன். திருத்துங்கள்.

"சுமைதாங்கி: ஜாக்கியால் தூக்கிய காரை இறக்கி நிறுத்தும் இரும்புக் கால். எப்போதும் இரண்டு கொண்ட இணையாக வாங்குக. சிறிய கார்களுக்கு 2 டன் அளவு போதும். இன்னோவா போன்ற கனமான வண்டிகளுக்கு 3 டன். உறையில் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, இணைக்கா என்று படித்துப் பார்க்க. சுமைதாங்கியின் மிகக் குறைந்த உயரத்தை உங்கள் ஜாக்கி தாண்டித் தூக்குமா என்று வாங்குமுன் அளந்துகொள்க. கெட்டியான, சமமான தரையில் மட்டும் வைக்க. மண்தரை என்றால் அடியில் தடித்த பலகை. காரின் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் தாங்கக் கொடுக்க. எடை முழுவதும் இறங்கியபின், அடியில் போவதற்கு முன், காரைக் கையால் தள்ளி ஆட்டிப் பார்க்க. செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவை சுமைதாங்கி ஆகா. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்."

கடைசி வரியை யாரும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் காருக்கு அடியில் மிக அதிகமாகக் கொடுக்கப்படுவது செங்கல்தான். சுவரில் எடை கல் முழுவதும் பரவி இறங்கும். காருக்கு அடியில் ஒரு இரும்பு விளிம்பு மட்டும் ஒரே இடத்தில் அழுத்தும். அதற்குக் கல் தாக்குப்பிடிக்காது.

வகைகளுக்கும் பெயர் வேண்டும். பல்வரிசை வைத்த தண்டை உயர்த்தி, ஒரு நாக்கு பல்லில் கொளுவுவது ஒரு வகை. துளைகளில் இரும்பு முளையைச் செருகி நிறுத்துவது இன்னொன்று. பல் சுமைதாங்கி, முளைச் சுமைதாங்கி என்று வைக்கலாமா? இந்தப் பிரிவு சும்மா இல்லை. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் கடைகள் விற்ற 3 டன், 6 டன் சுமைதாங்கிகள் பெரும் எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டன. நாக்கு பல்லில் முழுதாகக் கொளுவாமல் தண்டு சட்டென்று இறங்க வாய்ப்பிருந்தது. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றைப் பற்றவைப்புக் குறையால் மறுபடி திரும்பப் பெற்றார்கள். முளை வகையில் நாக்கும் இல்லை, பல்லும் இல்லை. உயரத்தை நுணுக்கமாக மாற்ற முடியாது என்பதுதான் குறை. பல் வகையிலேயே, பல் கொளுவிய பிறகு கூடுதல் காவலாக ஒரு முளையையும் செருகும் அமைப்பு இப்போது கிடைக்கிறது. வீட்டுக்கு வாங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அந்த நாக்குக்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. ஒரு திசையில் மட்டும் நட்டைத் திருப்பும் ராட்செட் கைப்பிடிக்குள் இருப்பதும் அதே உறுப்புதான், ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும். கொளுவி என்பது என் முதல் எண்ணம். தச்சுப் பட்டறையிலோ கதவுத் தாழ் செய்பவர்களிடமோ இதற்குப் பழைய பெயர் ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் எழுதுங்கள். இருந்தால் கொளுவியை எடுத்துவிட்டு அதையே வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து நண்பரிடம் இன்னொரு வேண்டுகோள்: அங்குள்ள கராஜ்களில் இந்தக் காலை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா?

நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சைப் பற்றித் தனி இழையில் பேசுவோம். பள்ளிப் பாடநூலில் உள்ள திருப்புவிசையை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்பதே நீளும் போலிருக்கிறது.

அன்புடன்.