புது போனுக்கு முதல் சார்ஜ் எட்டு மணி நேரமா? பார்த்ததைப் பகிருங்கள்

வோல்ட்மீட்டர்:
"முதல் தடவை எட்டு மணி நேரம் போடுங்க" என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போது எல்லாமே லித்தியம் அயான். பெட்டியைப் பிரிக்கும்போது கொஞ்சம் சார்ஜ் இருக்கும். அப்படியே ஆன் செய்து பயன்படுத்தலாம். நூறு வந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். எட்டு மணி நேரம் செருகி வைத்தாலும் கூடுதலாக எதுவும் ஏறாது.

முதல் சில நாள் சார்ஜ் மளமளவென்று இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய போட்டோக்கள் இறங்கும், ஆப்கள் அப்டேட் ஆகும், கேலரி படங்களை வகை பிரிக்கும். வைஃபையில் விட்டால் தானே அடங்கும்.

டைப்சி:
அப்போ 80 சதவீதத்துல நிறுத்தச் சொல்றாங்களே, அதுவும் கதையா?

வோல்ட்மீட்டர்:
இல்லை, அதில் விஷயம் இருக்கிறது. முன்பெல்லாம் 4.2 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்தது என்று அர்த்தம். இப்போதைய போன்கள் பலவற்றில் அது 4.4 வோல்ட்டைத் தாண்டுகிறது. அந்த உச்சத்தில் மணிக்கணக்கில் நிற்கும்போது உள்ளே இருக்கும் திரவம் மெல்லச் சிதைகிறது. சூடும் சேர்ந்தால் வேகமாகச் சிதைகிறது. கடைசி 20 சதவீதம் ஆமை வேகத்தில் ஏறுவதும் இதனால்தான்: போன் வோல்டேஜைப் பிடித்து வைத்துக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே போகும்.

ஐபோன் 15 முதல், ஐஓஎஸ் 18 அல்லது அதற்குப் பிந்தைய மென்பொருளில், 80, 85, 90, 95 என எங்கே நிறுத்துவது என்று நீங்களே வைக்கலாம். சாம்சங்கில் பேட்டரி பாதுகாப்பு என்று தேடினால் 80 வரம்பு கிடைக்கும். 5000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) போனில் 4000 கையில் நிற்கும். சாயங்காலம் வரை தாங்கினால் வையுங்கள், தாங்காவிட்டால் நூறே போடுங்கள். வாங்கிய காசுக்குப் பயன்படுத்தத்தானே போன்!

சால்டர்:
80ல நிறுத்திட்டு தலகாணிக்கு அடியில வெச்சா என்ன பிரயோஜனம்? பேட்டரிக்கு முதல் எதிரி சூடுதான். 35 டிகிரிக்கு மேல வெளிச்சூடு வேண்டாம்னு ஆப்பிளே சொல்லுது. மே மாசம் மத்தியானம் நம்ம ரூமே அதைத் தாண்டும். தடி கவரைக் கழட்டிட்டு, ஃபேன் காத்து படுற மாதிரி தரையிலயோ மேசையிலயோ வைங்க. சார்ஜ் ஏறும்போது கேம், ஹாட்ஸ்பாட், வீடியோ கால் வேண்டாம். ஒயர்லெஸ் சார்ஜரில் போன் கொஞ்சம் விலகி உட்கார்ந்தாலும் சார்ஜ் ஏறாம சூடுதான் ஏறும்.

"ஃபாஸ்ட் சார்ஜர் போட்டும் மெதுவா ஏறுது"ன்னா முதல்ல போன் சுடுதான்னு தொட்டுப் பாருங்க. சூடானா போன் தானே கரண்டைக் குறைச்சுக்கும். சூடு இல்லையா, கேபிளைப் பாருங்க. சாம்சங் 45 வாட்டுக்கு 5 ஆம்பியர் கேபிள் வேணும். 3 ஆம்பியர் கேபிள்ல அது வராது. அதுவும் சரின்னா போர்ட்ல பஞ்சு அடைச்சிருக்கும். போனை ஆஃப் பண்ணிட்டு மரப் பல்குச்சியால மெதுவா எடுங்க. ஊக்கு, குண்டூசி கூடாது, உள்ளே பின் ஷார்ட் ஆகும்.

டைப்சி:
மாசம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்கணுமா?

வோல்ட்மீட்டர்:
தேவையில்லை. சதவீதக் கணக்கு பிசகி, 15 காட்டும்போதே ஆஃப் ஆனால் மட்டும் ஒரு தடவை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றிப் பாருங்கள். சரியாவது மீட்டர்தான், பேட்டரி அல்ல. பிறகும் அப்படியே ஆஃப் ஆனால் பேட்டரி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சார்ஜ் சைக்கிள் (மொத்தம் 100 சதவீதம் பயன்படுத்தினால் ஒன்று என்ற கணக்கு) வீணாகுமோ என்ற பயமும் வேண்டாம். 50 சதவீதம் இரண்டு முறை போட்டால் ஒரு சைக்கிள்தான் கணக்கு.

சால்டர்:
பழைய போனை எடுத்து வைக்கிறவங்க 50 சதவீதத்துல ஆஃப் பண்ணி வைங்க. ஆறு மாசத்துக்கு ஒருதரம் எடுத்து மறுபடி 50க்கு ஏத்துங்க. காலியா பீரோவுல போட்டா அப்புறம் சார்ஜே ஏத்துக்காது. பின்மூடி தூக்கிட்டு நின்னா பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம். அமுக்காதீங்க, குத்தாதீங்க, மறுபடி சார்ஜ் போடாதீங்க, குப்பையிலயும் போடாதீங்க. சர்வீஸ் சென்டர்ல குடுத்துடுங்க.