மறு: எஞ்சின் நிலவரம் காட்டும் கருவி – ‘மானி’யா, ‘காட்டி’யா?

அனைவருக்கும் வணக்கம். காரில் செருகினால் எஞ்சினின் நிலவரத்தைத் திரையில் காட்டும் சிறு கருவிக்கு நம் குழுவின் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சைத் தொடர்கிறேன்.

> ‘எண்ணிமப் பொறிமானி’ (டிஜிட்டல் எஞ்சின் மீட்டர்) என்று வைத்துவிடலாம். வேகமானி, வெப்பமானி வரிசையில் பொருந்தி வரும்.

ஐயா, வரிசை பொருந்துகிறது. ஆனால் இந்தக் கருவி எதையும் அளப்பதில்லையே! எனக்கு இடிப்பது அந்த இடம்தான்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். நம் நாட்டில் 2013 ஏப்ரலிலிருந்து வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் இந்த ஓபிடி 2 முறை கார்களுக்குக் கட்டாயமானது. கருவியை அதில் செருகியதும், அது வண்டியின் கணினிக்கு ‘01 05’ என்று ஒரு கேள்வி அனுப்புகிறது. 01 என்றால் இப்போதைய நிலவரம், 05 என்றால் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூடு. ‘41 05 84’ என்று பதில் வருகிறது. கடைசியில் உள்ள 84 பதினறும எண், அதாவது பதினாறு பதினாறாக எண்ணும் முறையில் எழுதியது. நம் கணக்கில் 132. அதில் 40ஐக் கழித்தால் 92 டிகிரி. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும்; சுழிக்குக் கீழான உறைபனிக் குளிரையும் அதற்குள் அடக்கத்தான் அந்த 40. சூட்டை உணர்ந்தது எஞ்சினில் இருக்கும் உணரி (சென்சார்). அதைப் படித்தது வண்டியின் கணினி. நாம் காசு கொடுத்து வாங்கிய கருவி கேட்டது, கழித்தது, திரையில் போட்டது.

பெயர் சரியாக இருப்பது பழுது பார்க்கும்போது கைகொடுக்கும். உணரிக்குப் போகும் வயர் அறுந்துவிட்டால் பல வண்டிகளில் திரையில் -40 டிகிரி என்று வரும். பெங்களூரின் மார்கழிக் குளிரிலும் அது நடக்காத காரியம். ‘மானி’ என்று படித்துப் பழகியவர் கருவி கெட்டுவிட்டது என்று அதை மாற்றப் பார்ப்பார். ‘காட்டி’ என்று தெரிந்தவருக்கு, சொன்னதைத்தான் இது காட்டுகிறது, கோளாறு அந்தப் பக்கம் என்று புரியும். கை தானாக வயரைத் தேடிப் போகும்.

ஆகவே என் பரிந்துரை பொறிகாட்டி. திசைகாட்டி, வழிகாட்டி, நாட்காட்டி எல்லாம் ஏற்கெனவே நம் நாவில் இருப்பவை. ‘வழிகாட்டி’யைப் போல இங்கும் நடுவில் ‘க்’ மிகாது. பொறியின் நிலையைக் காட்டுவது என்று பொருள் விரியும்.

தனி உணரியோடு வரும் கருவிகளை இதில் சேர்க்க வேண்டாம். எஞ்சினில் துளையிட்ட இடத்தில் தன் உணரியை முடுக்கி, தானே ஆயில் அழுத்தத்தைப் பார்க்கிற வட்டமான கருவி உண்மையிலேயே அளக்கிறது. அது ‘எண்ணெய் அழுத்தமானி’யாகவே இருக்கட்டும்.

> மைலேஜ் சொல்கிறதே, அது அளவீடு இல்லையா?

கேட்க வேண்டிய கேள்விதான். பல பெட்ரோல் வண்டிகளில் எஞ்சினுக்குள் நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று கணினி சொல்லும். 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று என்பதால் வகுத்துப் பார்த்தால் எரிபொருள் கிடைத்துவிடும். அதுவும் கணக்குதான். டீசலில் காற்று எப்போதும் மிச்சமாகவே போகும். இந்த வகுத்தல் அங்கே செல்லாது.

‘பொறி’ என்றால் ஸ்பார்க் என்றும் பொருள் வருமே என்று டெல்லி நண்பர் கேட்டிருந்தார். பொறியியல் கல்லூரி என்று படிக்கும்போது யாருக்கும் நெருப்பு நினைவுக்கு வருவதில்லை. கார் கட்டுரையில் குழப்பம் வராமலிருக்க ஸ்பார்க்கைத் ‘தீப்பொறி’ என்றே எழுதுவோம். ‘எண்ணிம’ தேவையில்லை, சாக்கெட்டில் செருகும் எல்லாமே எண்ணிமம்தான். ‘வருடி’யும் (ஸ்கேனர்) வேண்டாம். அது தாளை வருடும் கருவிக்குப் போய்விட்ட சொல்.

‘காட்டி’யை நான் விடாமல் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன மே மாதம் சில்க் போர்டு சந்திப்பில் ஏசி ஓட, வண்டி நகராமல் நின்றது. திரையில் 94, 97, 101 என்று ஏறியது. 103இல் ரேடியேட்டர் விசிறி வேகம் பிடிக்கும் சத்தம். மெல்ல 96க்கு இறங்கியது. இத்தனைக்கும் டாஷ்போர்டு முள் நடுவில் நின்றபடியே நின்றது. சின்ன ஏற்ற இறக்கத்துக்கு ஆடக்கூடாது என்றே அப்படி அமைக்கிறார்கள். சில கார்களில் முள்ளும் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரியும்போது ஓரம்கட்டி நிறுத்துவதைத் தவிர வேறு வழியிருக்காது. வழக்கத்தைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாகவே நிற்கிறது என்று முன்கூட்டித் தெரிந்தால் கூலன்ட் குறைகிறதா, விசிறியை இயக்கும் ரிலே சுவிட்ச் வேலை செய்கிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம். டாஷ்போர்டு மறைப்பதை இது காட்டுகிறது.

ஹலசூரில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் தமிழர். அவருடைய பெரிய கருவி ‘ஸ்கேனர்’, என் வண்டியில் இருப்பது ‘மீட்டர்’. அவரிடம் ‘பொறிகாட்டி’ என்று சொல்லிப் பார்த்தேன். “என்னத்த காட்டும்?” என்றுதான் அடுத்த கேள்வி வந்தது. ‘பொறிமானி’க்கு என்னவென்றே தெரியாமல் பார்த்தார். எனக்கு அது போதுமான சோதனை.

பட்டியலுக்கான வரையறை இப்படி இருக்கலாம்:

பொறிகாட்டி – வண்டியின் கணினியைக் கேட்டு, கூலன்ட் சூடு, சுழற்சி வேகம், மின்கல அழுத்தம் முதலியவற்றைத் திரையில் காட்டும் செருகு கருவி.

அப்புறம், கோளாறு வந்தால் வண்டியின் கணினி தரும் பி 0128 போன்ற குறிகளுக்கு நம் குழுவின் அம்மையார் ஒருவர் ‘பிழைக்குறியீடு’ என்று எழுதியிருந்தார்கள். கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்பது அந்தக் குறி. பெரும்பாலும், சூட்டுக்கேற்ப கூலன்ட்டுக்கு வழி திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். கணினி நிரலில் வருவது பிழை, வண்டியின் பாகத்தில் வருவது பழுது. எனவே ‘பழுதுக்குறி’ என்று மாற்றலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து