பாய்மரத்தைத் தாங்கும் கம்பி: 1×19-ஆ, 7×7-ஆ?

சின்னப் பாய்மரப் படகுக்கு ஸ்டே (பாய்மரத்தை முன்னும் பின்னும் பிடிப்பது), ஷ்ரவுட் (பக்கவாட்டில் பிடிப்பது) கம்பிகளை மாற்றப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது “எத்தனை எம்எம்?” என்றுதான். அதற்கு முன்னால் கம்பியின் முறுக்கைப் பாருங்கள். 1×19 என்றால் பத்தொன்பது கெட்டியான தனிக் கம்பிகள்: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு. 7×7 என்றால் ஏழு புரி, புரிக்கு ஏழு இழை. 7×19-இல் மொத்தம் 133 மெல்லிய இழைகள். இழை மெலிய மெலியக் கம்பி நன்றாக வளையும், கூடவே இழுபடவும் செய்யும். கப்பியில் ஏறி இறங்கும் கம்பிக்கு 7×19 சரி. மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிக்கு வேண்டவே வேண்டாம். காற்று வரும் பக்கத்து ஷ்ரவுட் நீண்டுகொடுத்தால் மரத்தின் நுனி சாயும், ஃபோர்ஸ்டே (முன்பக்க ஸ்டே) தொய்யும், முன்பாய் வயிறு தள்ளும். பிறகு படகு காற்றை எதிர்த்து ஏறவே ஏறாது. ஆகவே நிலையான கம்பிக்கு 1×19. முனையைத் தம்பிளில் (வளைவுக்குள் பொருந்தும் உலோக வளையம்) வளைத்துக் கட்டும் சின்ன டிங்கிகளுக்கு (திறந்த சிறுபடகுகளுக்கு) மட்டும் 7×7 போதும்.

*

தடிமனுக்கு ஊகம் வேண்டாம், கணக்கே இருக்கிறது. அமைதியான தண்ணீரில் படகைக் கட்டி, மரத்தில் 1 மீட்டர் நூலில் தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி, விளிம்பில் 100 கிலோ எடையை வையுங்கள். குண்டு மரத்தைவிட்டு 17.6 செ.மீ. விலகினால் படகு 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதாவது டிகிரிக்கு 10 (கிலோ × மீட்டர்). 30 டிகிரிக்குத் தோராயமாக 300. அதை 1.5-ஆல் பெருக்கி, நடுக்கோட்டிலிருந்து செயின்பிளேட் (ஷ்ரவுடின் கீழ்முனையைப் படகோடு பிணைக்கும் உலோகத் தகடு) இருக்கும் தூரத்தால் வகுக்க வேண்டும். தூரம் 1 மீட்டர் என்றால் ஷ்ரவுடில் வரும் பாரம் 450 கிலோ. பாதுகாப்புக்கு 2.5 மடங்கு வைத்தால் 1,125.

3 எம்எம் 1×19 கம்பி 700 கிலோவை ஒட்டி அறும், 4 எம்எம் 1,250-ஐ ஒட்டி. ஆகவே 4 எம்எம். பக்கத்துக்கு ஒரே ஷ்ரவுட் உள்ள படகுக்கான கணக்கு இது. கரையைவிட்டுத் தூரம் போகிறவர்கள் 3 மடங்கு வைப்பது நல்லது. ஃபோர்ஸ்டே ஷ்ரவுடைவிட மெலிதாக இருக்கவே கூடாது.

*

கணக்கு சரி. ஆனால் “எதற்கும் 5 எம்எம் போட்டுவிடலாம்” என்று போகிறவர்களுக்கு ஒன்று. 4 எம்எம் மீட்டருக்கு ஏறத்தாழ 80 கிராம், 5 எம்எம் 125 கிராம். கூடும் அந்தப் பாரத்தில் பாதி, மரத்தின் மேல்பாதியில் போய் உட்காரும். கம்பி தடித்தால் முனைப்பொருத்தைச் செயின்பிளேட்டில் மாட்டும் ஆணியும் தடிக்கும். செயின்பிளேட்டில் துளையைப் பெரிதாக்கினால் ஓரத்தில் மிஞ்சும் உலோகம் குறையும். கம்பியைப் பலப்படுத்துகிறோம் என்று செயின்பிளேட்டைப் பலவீனமாக்கிவிடுவோம்.

*

கம்பி நடுவில் அறுவது அபூர்வம், முனையில்தான் அறும். கீழ்முனை ஸ்வேஜ் (கம்பிமேல் நசுக்கிப் பிடித்த உலோகக் குழல்) ஒரு கிண்ணம் மாதிரி மேல்நோக்கி நிற்கிறது. கம்பி வழியே வழியும் உப்புத்தண்ணீர் அதற்குள்தான் இறங்குகிறது. ஆக்சிஜன் எட்டாத இடுக்கில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தன்னைக் காத்துக்கொள்ளாது. ஸ்வேஜின் வாயில் பழுப்புக் கசிவு, குழலில் தலைமயிர் போன்ற நெடுக்கு விரிசல், வெளியே துருத்தும் ஒரே ஒரு இழை, இதில் எது தெரிந்தாலும் அந்தக் கம்பியோடு அன்றைக்கு வெளியே போகாதீர்கள். சோதிக்கும்போது கையால் தடவாதீர்கள், அறுந்த இழை சதையைக் கிழிக்கும். பஞ்சைச் சுற்றி இழுத்தால் அது மாட்டிக் காட்டிவிடும்.

முனைகளை நீங்களே போட நினைத்தால் ஸ்வேஜ் இயந்திரம் தேவைப்படாத கூம்பு வகைப் பொருத்து இருக்கிறது. கம்பியை டேப்பால் இறுக்கிச் சுற்றி வெட்டுங்கள். வெளிப்புறப் பன்னிரண்டு இழைகளைப் பிரித்து, உள்ளே உள்ள ஏழின்மேல் கூம்பைச் செருகுங்கள். அந்த ஏழும் கூம்புக்கு மேல் ஒன்றரை எம்எம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெளி இழைகளைப் பழைய முறுக்கிலேயே சீராகப் படியவிடுங்கள். ஓர் இழை கூம்பின் பிளவுக்குள் விழுந்தாலும் பிடிமானம் போச்சு. ஒருமுறை முடுக்கி, கழற்றி, இழைகள் உள்நோக்கி ஒழுங்காக மடிந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சீலன்ட் நிரப்பி மறுபடி முடுக்க வேண்டும். பார்க்காமல் பூட்டுவதுதான் இங்கே வழக்கமான தப்பு.

7×7-ஐத் தம்பிளில் மடக்கிக் குழல் நசுக்குகிறவர்கள் செம்புக் குழலையே போடுங்கள். அலுமினியக் குழல் ஸ்டெயின்லெஸ் கம்பியோடு உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் தானே அரித்துப் பொடியாகும். 1×19-ஐத் தம்பிளில் மடக்கவே கூடாது.

*

தரம்: 304 கொஞ்சம் பலம் கூடுதல், 316 உப்புக்குத் தாக்குப்பிடிக்கும். கடலில் 316-தான். காந்தம் வைத்துத் தரம் பார்க்காதீர்கள். இழுத்து நீட்டிய கம்பியில் 316-உம் லேசாக ஒட்டும்.

வெள்ளை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி பார்க்க அழகு, அவ்வளவுதான். துரு உறைக்குள்ளேயே ஓடும், மரம் விழும்வரை வெளியே தெரியாது. வாங்காதீர்கள்.

*

ஃபோர்ஸ்டேவின் இரண்டு முனையிலும் டாகிள் (எப்பக்கமும் அசைந்து கொடுக்கும் இணைப்பு) போடுங்கள். முன்பாய் அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். முனை அசைந்து கொடுக்காவிட்டால் ஸ்வேஜின் வாயில் கம்பி ஓயாமல் மடங்கி மடங்கிச் சோர்ந்துபோகும்.

இறுக்கம் பார்க்க மீட்டர் வாங்க வேண்டியதில்லை. கம்பி லேசாக நிமிர்ந்ததும் 2 மீட்டர் அளவுகோலின் ஒரு நுனியைக் கம்பியில் டேப்பால் ஒட்டி, மறுநுனி வரும் இடத்தில் கோடு போடுங்கள். டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) திருகத் திருக, கோடு நுனியைவிட்டு விலகும். 1×19-இல் 1 எம்எம் விலகினால் அறும் பாரத்தில் 5 சதவீதம். ஷ்ரவுடுக்கு 3 முதல் 4 எம்எம் போதும். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சில சுற்றுகளாகத் திருகுங்கள். புதுக் கம்பியின் முறுக்கு முதல் சில ஓட்டங்களில் படிந்து கொஞ்சம் தளரும், அப்போது மறுபடி அளந்து திருகிவிட்டு டர்ன்பக்கிள் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை விரித்து டேப் சுற்றுங்கள். டர்ன்பக்கிளில் அதற்கான திருகுபுரி மிச்சம் இருக்கும்படி கம்பியை முதலிலேயே கணக்காக வெட்டியிருக்க வேண்டும்.